படம் சொல்லாததை எழுதச் சொல்லுங்கள்

வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் சேர்ந்து வரைந்த படத்தைப் பார்த்து, வருகிறவர்கள் எல்லோரும் "அடடா" என்று நின்றுவிட்டால் நீங்கள் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. படம் நன்றாக இருப்பது நல்லதுதான். ஆனால் சுவரை அழகாக்குவதற்காக நம்மை வேலைக்கு எடுக்கவில்லை. அந்தச் சுவரின் முன்னால் நிற்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று கேட்காமலே பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாராட்டில் குளிர்ந்துபோய் நாமும் கேட்க மறந்துவிடுவோம்.

புதிதாக ஆரம்பப் பள்ளி வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் ஃபோனில் கேட்கிறீர்கள். "லூர்து டீச்சர், நீங்க பிள்ளைங்களைச் சேர்ந்து படம் போட வெச்சே வாசிக்கக் கத்துக் குடுத்துடுவீங்களாமே, அந்த மெத்தடை எங்களுக்கும் சொல்லுங்க" என்று. மெத்தடாம் மெத்தடு! காகிதத்தை எப்படி ஒட்டுவது, எந்த க்ரேயான் சீக்கிரம் உடையாது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். மதியச் சாப்பாடும் போடுவார்கள். நான் சொல்லப்போவது அந்த மெத்தடு என் கையிலேயே எப்படிக் கவிழ்ந்தது, கவிழ்ந்த இடத்தில் ஒரு சிறுமி எப்படி எழுந்து நின்றாள் என்பதைத்தான். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. அதனால் எனக்கு இன்னும் சூடு ஆறவில்லை.

எங்கள் பள்ளி திருச்சி டவுனில், காவிரிப் பாலத்துக்குப் போகிற வழியில் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. எனக்கு நாலாம் வகுப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றாம் வகுப்பில் அழும், இரண்டாம் வகுப்பில் திருதிருவென்று முழிக்கும். நாலாம் வகுப்புக்கு வருவதற்குள் தெரியாததை மறைக்கப் பழகியிருக்கும். சில பிள்ளைகள் இதில் நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி வருடம் போய்விடும்.

அந்த வருடம் அரியமங்கலம் பக்கத்து அச்சகம் ஒன்றிலிருந்து மிச்சமான காகிதச் சுருள் கிடைத்தது. அதைப் பின்சுவர் முழுக்க ஒட்டினோம். இடது ஓரத்தில் மலைக்கோட்டை, வலது ஓரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், நடுவில் காவிரி. இவ்வளவுதான் நான் வரைந்தது, அதுவும் கோணல்மாணலாக. மீதி ஊரைப் பிள்ளைகள் நிரப்ப வேண்டும். ஒரு பிள்ளை இட்லிக் கடை வரைந்தால் இன்னொரு பிள்ளை அந்தக் கடை வாசலில் ஒரு நாயைப் படுக்க வைக்கும். தனியாக யாருக்கும் படம் கிடையாது. ஒரே ஊர், எல்லோருக்கும் பொது.

வரைந்ததும் அதன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். ஆனால் எழுதியவர் அதை வாசிக்கக் கூடாது. வேறொரு பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை சத்தமாக வாசித்து, உரிய படத்தின் கீழே ஒட்ட வேண்டும். அதுவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. வரையத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரிந்தவள் தேவைப்படட்டும், ஒருவருக்காக ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. வகுப்புக்குள் யார் வந்தாலும் அவர்களும் ஒரு படம் வரைந்து, கீழே எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் தலைமையாசிரியைகூடத் தப்பவில்லை. அவர் வரைந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த வகுப்பில் ஷமீமா என்றொரு பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் ஏசி மெக்கானிக். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். ஷமீமாவுக்கு வருடத் தொடக்கத்தில் ஒரு வரி வாசிக்க வரவில்லை. புத்தகத்தைப் பார்த்து முத்துமுத்தாக எழுதிவிடுவாள். எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் சிலவற்றைச் சொல்வாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பாள். அவளுக்கு வந்த தாகம் மாதிரி திருச்சி வெயிலில்கூட யாருக்கும் வந்திருக்காது.

ஒருநாள் பள்ளி விட்டதும் அவள் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், இவங்க அத்தா லீவுல வரப் போறாங்க. வந்ததும் இவளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. வாசிக்கலைன்னா முசிறிக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டாங்க."

"முசிறியில யாரு இருக்கா?"

"அவங்க அக்கா. அங்கயே தங்கிப் படிக்கட்டும்ங்கிறாங்க. அந்த ஊரு ஸ்கூல்ல எப்படியாவது வாசிக்க வெச்சிடுவாங்களாம்." அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ என் பக்கத்துல படுக்காம தூங்கவே மாட்டா டீச்சர். எனக்கும் இவளை விட்டா வீட்ல யாரு இருக்கா?"

அந்த மனிதரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். தமிழை மெதுவாக வாசிப்பார், எழுதுவார். மற்றபடி ஏர்போர்ட்டிலும் ஆபீசிலும் இங்கிலீஷ், அரபித் தாள் எதை நீட்டினாலும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக் குமைவாராம். மகளுக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்கிற பயம். பயந்த தகப்பனிடம் வாதம் செய்வது கஷ்டம், ஏனென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

நான் ஷமீமாவைச் சுவர்ப் படத்தின் பக்கம் இழுத்தேன். அவளுக்கு வரைவதில் கொள்ளை ஆசை. பாலம் அவள் போட்டது. அதன் மேல் பஸ், பஸ்ஸுக்குள் கண்டக்டர், கண்டக்டர் வாயில் விசில். வாரங்கள் போகப் போக அவள் வாசிக்கவும் ஆரம்பித்தாள். குச்சியை எடுத்து மலைக்கோட்டையிலிருந்து தொடங்குவாள். "மலை, பால் பூத், இட்லிக் கடை, நாய், பாலம், மீன், படகு, யானை, கோபுரம்" என்று சத்திரம் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர் கூவுகிற வேகத்தில் மறு ஓரம் போய்ச் சேர்வாள். வகுப்பே கைதட்டும். நான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன் என்றே சொல்லலாம். அவள் அம்மாவிடம் "இனிமே கவலைப்படாதீங்க" என்று சொல்லியும்விட்டேன். அந்தச் செய்தி அன்றைக்கே வீடியோ காலில் குவைத்துக்குப் போய்விட்டது.

பிறகு அவர் லீவில் வந்தார். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பசை காய்ந்து சில துண்டுத் தாள்கள் கீழே விழுந்து கிடந்தன. வரதன் என்று ஸ்ரீரங்கத்துப் பையன், வாய் ஓயாதவன், அவற்றைப் பொறுக்கித் திரும்ப ஒட்டினான். அவசரத்தில் 'படகு' என்ற தாளை யானைக்குக் கீழேயும் 'யானை' என்ற தாளைப் படகுக்குக் கீழேயும் ஒட்டிவிட்டான். நான் கவனிக்கவில்லை. ஷமீமா குச்சியோடு வந்தாள். வழக்கம்போல் வேகமாக வாசித்துக்கொண்டே போனாள். 'யானை' என்று எழுதியிருந்த தாளைத் தட்டி "படகு" என்றாள். 'படகு' என்று எழுதியிருந்த தாளைத் தட்டி "யானை" என்றாள். கோபுரத்தில் போய் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர், இவ தப்பா…" என்று வரதன் ஆரம்பித்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்ததில் வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் இத்தனை நாளும் எழுத்தையே பார்க்கவில்லை. படத்தைப் பார்த்திருக்கிறாள், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், நினைவில் வைத்திருக்கிறாள். துண்டுத் தாள் வரதன் கையிலிருந்து வந்தால் அது படகு, ஏனென்றால் படகு வரைந்தது வரதன். பார்க்கப் போனால் வாசிப்பதைவிட இதற்குத்தான் மூளை அதிகம் வேண்டும். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படகுக்குக் கீழே படகு என்றும் யானைக்குக் கீழே யானை என்றும் எழுத வைத்தால், கண் இருக்கிற பிள்ளை எதற்காக எழுத்தைப் பார்க்கப் போகிறது? படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு எழுத்துக்கு அங்கே என்ன வேலை?

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி. முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் விட்டுடுங்க லூர்து. அவரு முன்னாடி அந்தப் படத்தை வாசிக்கட்டும். சந்தோஷமா ஊருக்குப் போகட்டும். அப்புறம் நீங்க உக்கார வெச்சு சொல்லிக் குடுங்க."

"அப்புறம் நான் சொல்லிக் குடுத்துடுவேன்னு என்ன நிச்சயம் மேடம்?"

"இப்ப சொன்னா புள்ளை முசிறிக்குப் போயிடும். அது நிச்சயம்தானே?"

அவர் சொன்னதும் சரி. அதுதான் சங்கடம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஷமீமா அம்மாவிடமே இருப்பாள், ஆனால் எல்லோரும் அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அவள் ஆயுசு முழுக்கக் குச்சியைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். நான் சொல்லிவிட்டால் அந்த வீட்டைப் பிரித்த பாவம் என் தலையில். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இதையே புரட்டிப் புரட்டி யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வரவில்லை. நம் தொழிலில் எல்லா முடிவையும் முந்தின நாளே எடுத்துவிட முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் ஷமீமாவின் அத்தா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, அத்தர் வாசனை, கையில் ஒரு பை நிறைய சாக்லேட். கதவுக்குப் பக்கத்தில் மனைவி நின்றுகொண்டார், உள்ளே வரச் சொன்னதற்கு "இருக்கட்டும் டீச்சர்" என்றுவிட்டார். ஷமீமா புது ரிப்பன் கட்டியிருந்தாள். வேறு சில பெற்றோர்கள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாக்லேட் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்லும் முன்னாலேயே அவள் குச்சியை எடுத்துவிட்டாள். மலையில் தொடங்கிக் கோபுரம்வரை ஒரே மூச்சு. தாள்களை நான் காலையிலேயே சரியாக மாற்றி ஒட்டியிருந்தேன். அதனால் எங்கும் தப்பு வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். கண் கலங்கிவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப முசிறி வேணாம்ல?" என்றார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஷமீமா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. தன் குட்டு எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

என்னால் முடியவில்லை. அதற்காக நான் பெரிய உத்தமி என்று அர்த்தம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"போயிடாதீங்க ஷமீமா அத்தா" என்றேன். "எங்க வகுப்புக்கு வந்தவங்க ஒரு படம் போட்டுட்டுத்தான் போகணும். நீங்க எதை வேணும்னாலும் வரையுங்க. ஆனா படத்தைப் பார்த்தா தெரியாத ஒரு விஷயத்தைக் கீழ எழுதுங்க."

"தெரியாத விஷயம்னா?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது. ஷமீமா வாசிப்பா. அவ வாசிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

இந்தப் புது நிபந்தனை அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது. முன்கூட்டி யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு பழுப்பு நிற க்ரேயானை எடுத்து ஒரு கட்டில் வரைந்தார். மெக்கானிக் கை, கோடெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக விழுந்தது. ஒரு தலையணை, மேலே ஒரு மின்விசிறி. கொஞ்ச நேரம் க்ரேயானைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து கீழே எழுதினார்.

ஷமீமா குச்சியோடு பக்கத்தில் போனாள். "கட்டில்" என்று உடனே சொன்னாள். நான் தலையாட்டவில்லை. அவளுக்கும் புரிந்தது, அங்கே ஒரு வார்த்தைக்கு மேல் இருந்தது. தாகம் என்று சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. முதல் எழுத்தைப் பார்த்தாள். தலையைத் திருப்பிச் சுவரில் தேடினாள். தன் பாலத்தில் போய்க் கண் நின்றது.

"பாலம்… பா…" என்று முணுமுணுத்தாள்.

அப்புறம் நின்றுவிட்டாள். அவள் அத்தாவின் முகம் மாறத் தொடங்கியது.

"என்ன டீச்சர் இது? இப்பதானே கடகடன்னு வாசிச்சா?"

சொல்லிவிட்டேன். "அது வாசிச்சது இல்லைங்க. படத்தைப் பார்த்து மனப்பாடமா சொன்னா. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. இப்ப திக்கித் திணறிப் பண்றாளே, இதுதாங்க வாசிக்கிறது."

"அப்ப இவ்வளவு நாளா என்ன சொல்லிக் குடுத்தீங்க? நல்லா வாசிக்கிறான்னு நீங்கதானே சொல்லி அனுப்பிச்சீங்க?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

கதவுப் பக்கம் அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஷமீமாவின் அத்தா ஏதோ பலமாகச் சொல்ல வந்தார். அதற்குள் ஷமீமா கையை நீட்டி, "அத்தா, பேசக் கூடாது!" என்றாள். விளையாட்டில் ஏமாற்றுகிறவனை அதட்டுகிற குரல். அவர் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவள் வாசித்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அது முடிவில்லாமல் போனது. ஒவ்வொரு எழுத்துக்கும் சுவர் முழுக்க நடந்தாள். வரதன் உதவி செய்யத் துடித்தான். அவன் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். எனக்கே சொல்லிவிட வேண்டும் போல நாக்கு அரித்தது. இளம் ஆசிரியர்களே, பிள்ளை ஒரு சொல்லின் நடுவில் நிற்கும்போது நாம் எடுத்துக் கொடுப்பது இரக்கம் மாதிரிதான் தெரியும். பல சமயம் அது நம் பொறுமையின்மைதான்.

"பா…தி… பாதி. கட்…டில். பாதி கட்டில். எ…ன…க்…கு." மறுபடி முதலிலிருந்து போனாள். "பாதி கட்டில் எனக்கு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். வாசித்ததன் அர்த்தம் அதற்கு அப்புறம்தான் அவளுக்குள் இறங்கியது போல. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஏன் அத்தா பாதி?"

அவர் கையிலிருந்த க்ரேயானைப் பார்த்தார். "எனக்கு நைட் ஷிப்டும்மா. பகல்ல நான் அதுல படுப்பேன். ராத்திரி வேற ஒருத்தரு படுப்பாரு."

"அவங்க யாரு?"

"ஆந்திராக்காரரு. நல்லவருதான்."

"தனி ரூமு, தனிக் கட்டிலுன்னுல்ல சொன்னீங்க?" என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. அந்த அம்மா உள்ளே வந்துவிட்டிருந்தார். "வீடியோ காலுல அந்தக் கட்டிலைத்தானே காமிப்பீங்க?"

"கட்டிலு அதேதான்" என்றார் அவர்.

தினமும் அந்தக் கட்டிலை ஃபோனில் பார்த்திருக்கிறார்கள், தாயும் மகளும். பார்த்ததில் அது தெரியவில்லை. வாசித்ததில் தெரிந்தது. பயிற்சிப் புத்தகங்களில் நான் வருடக்கணக்காகத் தேடிய விஷயம் அந்த மூன்று சொற்களில் இருந்தது. எழுத்துக்கு ஒரு புதுச் செய்தி சொல்ல இருந்தால்தான் பிள்ளை அதைத் தேடிப் போகும். என் சுவரில் இருந்த எந்தத் தாளிலும் செய்தி இல்லை. ஆனால் இதையெல்லாம் யோசித்து மகிழ எனக்கு அப்போது நேரம் கொடுக்கவில்லை அவர்.

"டீச்சர், உங்க மேல எனக்குக் கோபம் இல்லை" என்றார். குரல் தணிந்திருந்தது. "ஆனா நாலாவது படிக்கிற புள்ள மூணு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் எடுத்தா, அஞ்சாவதுல என்ன பண்ணுவா? நான் அஞ்சாவதுலதான் விட்டேன். முசிறிதான் சரி. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். ஒரு மாதம் கொடுங்கள் என்றேன், காலையில் சீக்கிரம் அனுப்புங்கள் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அசையவில்லை. உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குக் கண்ணீர் முட்டியது. தலைமையாசிரியை சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஷமீமா சுவருக்குப் போய்விட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு பஸ் வரைந்தாள். அவளுக்குப் பஸ் கைவந்த கலை. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் போட்டாள். டிரைவருக்கு மீசை, ஒரு ஜன்னலில் வாழைத்தாரோடு ஒருவர், இன்னொன்றில் தூங்கி வழிகிற கிழவர். ஒரு ஜன்னலில் மட்டும் யாரும் இல்லை. வரைந்து முடித்ததும் அவள் புத்தகத்தை எடுக்கவில்லை, பக்கத்துப் பெண்ணைக் கேட்கவில்லை. சுவரில் அலைய ஆரம்பித்தாள்.

இட்லிக் கடைக்கு முன்னால் நின்று "இ" என்று சொல்லிக்கொண்டு வந்து எழுதினாள். அவள் அத்தா எழுதிய 'பாதி'யில் இரண்டாவது எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அதை எழுதினாள். "பா…ல்… ல்" என்று பால் பூத்திலிருந்து ஒன்று. நாயிடமிருந்து ஒன்று, மீனிடமிருந்து ஒன்று. கடைசியில் மலைக்கோட்டைக்கு ஓடினாள். "ம… லை… லை… லை…" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தாள், நடுவில் கொட்டிவிடக் கூடாது என்று தூக்கி வருகிற தண்ணீர் மாதிரி. எந்தப் படங்களை மனப்பாடமாகச் சொல்லி எங்களை ஏமாற்றினாளோ அந்தப் படங்களிலிருந்தே தனக்கு வேண்டிய எழுத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் அவளோடு சேர்ந்து தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுதி முடித்துக் குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அத்தா, நீங்கதான் வாசிக்கணும். நான் எழுதினதை நான் வாசிக்கக் கூடாது."

அவர் குனிந்து பார்த்தார். மனசுக்குள் வாசித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நிமிரவில்லை.

"சத்தமா வாசிக்கணும் அங்கிள்" என்றான் வரதன். இந்த முறை நான் அவனை அடக்கவில்லை.

"இதில்…" என்றார் அவர். குச்சியை முதல் சொல்லில் வைத்தார். "இதில் நான் இல்லை."

முசிறிக்குப் போகிற பஸ்ஸை வரையலாம், அதில் போகிறவர்களை வரையலாம். இல்லை என்பதை எந்தக் க்ரேயானாலும் வரைய முடியாது. அதைச் சொல்ல அவளுக்கு எழுத்து தேவைப்பட்டது, தேடிப் போய் எடுத்துக்கொண்டாள். நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் முன்னால் அழுதால் மரியாதை போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்குப் போகவில்லை.

ஷமீமா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பக்கத்தில் வந்து அவள் தலையில் கையை வைத்தார். அவள் அத்தா சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, வகுப்பறை என்பதையும் மறந்து அங்கேயே பேசினார்.

"அக்கா, நல்லா இருக்கியா? இல்ல, நாளைக்கு வரல. பாப்பா அங்க வரலக்கா."

முசிறியிலிருந்து வந்த குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஏன்டா? அவதான் வாசிக்க மாட்டேங்கிறான்னு நீயே சொன்ன?"

"ஆமாக்கா. இன்னும் சரியா வாசிக்கல."

"அப்புறம் என்ன?"

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வரமாட்டேன்னு எழுதிட்டாக்கா."